தெரிஞ்சுது

கதவு திறந்து கெடந்துச்சு.
பை தெரிஞ்சுது.
நான் வந்துட்டேன்.

இவ்வளவுதான் சொன்னான் பொன்னுரங்கம்,
விடிகாலை மூன்று பத்துக்கு,
துவாஸ் விடுதியிலிருந்து இழுத்து வந்த
அதே ரப்பர் செருப்போடு.
எதிரில் அதிகாரி. பக்கவாட்டில் நான்,
மொழிபெயர்ப்பாளர், பத்தொன்பது ஆண்டு அனுபவம்,
கையில் ஆறிப்போன கோப்பி.

மூன்று வாக்கியம்.
இரண்டைச் சரியாகத்தான் கொடுத்தேன்.
நடுவில் இருந்ததை
‘ஐ நியூ அபவுட் த பேக்’ என்றேன்.

தட்டச்சானதைத் தமிழில் வாசித்துக் காட்டவேண்டும், அது விதி.
காட்டினேன்.
ஆங்கிலத்திலிருந்து இறங்கி வருகையில்
அது மறுபடியும் ‘பை தெரிஞ்சுது’ ஆகிவிட்டது.
தன் சொல் தன்னிடமே வந்ததைக் கேட்டுத்
தலையாட்டினான்.
‘பொன்’ வரைக்கும் எழுதியதும் மை தீர்ந்தது.
மிச்சப் பெயரை
என் பேனாவை வாங்கி எழுதினான்.

பதினோரு ஆண்டு. பன்னிரண்டு பிரம்படி.
காவலாளியின் மண்டைக் காயத்தையும்
காணாமல்போன நாற்பத்திரண்டாயிரம் வெள்ளியையும்
அவனோடு சேர்த்துக் கட்ட
அந்த நடு வரிதான் கிடைத்தது அவர்களுக்கு.
தீர்ப்பில் அதை நான்கு இடத்தில் மேற்கோள் காட்டியிருந்தார்கள்.
நான் அன்று வேறு நீதிமன்றத்தில்
ஒரு விவாகரத்தை மொழிபெயர்த்துக்கொண்டிருந்தேன்.

ஆறு வருஷம் கழித்து
ஈசூன் பேருந்து நிறுத்தம், கொட்டும் மழை.
பள்ளிச் சீருடையில் ஒருத்தி கேட்டாள்:
‘ஆன்ட்டி, நம்பர் தெரியுதா?’
‘தெரியலம்மா’ என்றேன்.
எண்ணூற்று ஐம்பத்தெட்டு
எங்கள் இருவரையும் நனைத்துவிட்டு
நிற்காமல் போனது.
அவள் சிரித்தாள்.
நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன், ஈர இருக்கையில்.

அவன் பையைப் பார்த்திருக்கிறான்.
திறந்த கதவு வழியே, போகிற போக்கில்,
பை கண்ணில் பட்டிருக்கிறது.
அவ்வளவுதான்.

வழக்கறிஞர் ஹுய் மின் இரண்டு முறை கேட்டாள்:
‘தவறு செய்தது நீங்கள் என்று
நீங்களே எழுதிக் கொடுக்கப் போகிறீர்களா?’
ஆமாம்.
‘ஓய்வூதியம், பெயர், எல்லாம் யோசித்தீர்களா?’
யோசிக்கவில்லை என்றால் பொய்.
இரண்டு மாதம் அதை மட்டும்தான் யோசித்தேன்.

முதல் மனு தள்ளுபடி.
வினைச்சொல் ஒன்றின் பொருள் புதிய சான்று ஆகாதாம்.

சாங்கியில், கண்ணாடிக்கு அந்தப் பக்கம்,
மெலிந்திருந்தான். காதோரம் நரை.
தயாரித்து வைத்திருந்த மன்னிப்பை
ஒலிவாங்கியில் கொட்டி முடித்தேன்.
வெகுநேரம் பேசவில்லை.
‘இத்தன வருசமா நானும் அதத்தான சொல்றேன்.
யாரு காதுலயும் விழலன்னு நெனச்சேன்.
விழுந்தது ஒங்க காதுலதானா’ என்றான்.
பிறகு, ‘எங்கம்மாவுக்குப் போன் போட்டீங்களா?’
போடவில்லை. அதுவரை தோன்றவே இல்லை.

புளோக்கின் கீழே மேசை போட்டுக் கையெழுத்துக் கேட்கிறேன்.
சதுரங்கம் ஆடும் கிழவர்கள் போடுகிறார்கள், படிக்காமலே.
பால் வாங்க வந்த ஒருவர் படித்துவிட்டு,
‘அப்ப அவன் எடுக்கலையா?’ என்றார்.
எனக்குத் தெரியவில்லை, ஐயா.
இதை எப்படி மொழிபெயர்த்தாலும் சரிதான்.
அன்று நான் அங்கே இல்லை, எதையும் பார்க்கவில்லை.
அவன் சொல்லாத ஒன்றைச் சொன்னதாக எழுதவைத்தேன்.
அது மட்டும் நிச்சயம்.
அவர் பால் பையைத் தரையில் வைத்தார்.
பேனா கேட்டார்.

இன்று திங்கள். இரண்டாவது மனு.
உறுதிமொழியை எந்த மொழியில் எடுக்கிறீர்கள் என்றார்கள்.
என் ஆங்கிலத்துக்கு அவர்களிடம் சான்றிதழே இருக்கிறது.
தமிழில் என்றேன்.

மொழிபெயர்க்க ஆள் தேடிப் போயிருக்கிறார்கள்.
காத்திருக்கிறேன்.